சென்னை மாகாணத்தில் வெக்கை நோய்: 1866-இலேயே சட்டம் இருந்தும் ஏன் கட்டுப்படவில்லை?

கேள்வி
எழுதியவர்: கரிசல்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்களைப் பற்றிப் படித்துவரும்போது, மாட்டுச் சாவுகளைப் பற்றிய செய்திகளும் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். தீவனமும் தண்ணீரும் இல்லாமல் மடிந்தவை ஒருபுறமிருக்க, வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய்) கண்டு கூட்டம் கூட்டமாக இறந்தவையும் அவற்றில் உண்டு. ஏரும் கமலையும் வண்டியும் மாட்டை நம்பியே இருந்த காலத்தில், ஓர் இணை எருது போனால் அந்த வீட்டுக்கு அந்த ஆண்டின் வெள்ளாமையே போயிற்று என்று பொருள். அரசுக்கும் நிலவரி போயிற்று.

என் ஐயம் இதுதான். சென்னை மாகாணத்தில் மாட்டு நோய்ச் சட்டம் 1866-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. இந்திய மாட்டுக் கொள்ளைநோய்கள் பற்றி கால்நடை மருத்துவர் ஹாலன் தலைமையிலான குழுவின் அறிக்கை 1871-இல் வெளிவந்தது. 1889-இல் புனேயில் தொடங்கிய ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடம் 1893-இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் திறக்கப்பட்டது. இத்தனையும் நடந்த பிறகும், விடுதலைக்குப் பின் 1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிய காலத்தில், இந்தியா முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,000 இடங்களில் வெக்கை நோய் வெடித்து, சுமார் 2 லட்சம் மாடுகளும் எருமைகளும் இறந்துகொண்டிருந்தன.

இராணுவக் குதிரைகளைத் தவிர வேறு எதிலும் அரசுக்கு அக்கறை இல்லாததுதான் இதற்குக் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். கிராமத்தார் ஒத்துழைக்கவில்லை என்பது அன்றைய அதிகாரிகளின் வாதம். அன்று மருந்தே இல்லை என்பது மூன்றாவது விளக்கம். இவற்றில் எதற்கு எடை அதிகம்? துறையில் பணியாற்றியவர்களும் ஆவணங்களைப் பார்த்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: பழைய ஊசிக்காரர் (கால்நடைப் பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

நல்ல கேள்வி. மூன்று விளக்கங்களிலும் உண்மை உண்டு; ஆனால் மருந்து இல்லை என்பதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். மருந்து இருந்தது. அது எந்த வகையான மருந்து என்பதில்தான் விடை இருக்கிறது.

முதலில் நோயின் இயல்பைப் பார்ப்போம். வெக்கை நோயின் நச்சுயிரி வெயில் பட்டாலும் காய்ந்தாலும் விரைவில் செத்துவிடக்கூடியது. நோயுற்ற மாட்டின் மூக்குநீர், எச்சில், கழிச்சல் ஆகியவை பக்கத்திலிருக்கும் மாட்டுக்கு நேரடியாகவோ, அந்த நேரத்திலேயே பகிரும் தீவனம், தண்ணீர் வழியாகவோ போய்ச் சேர்ந்தால்தான் அது பரவும். பிழைத்த மாட்டுக்கு ஆயுளுக்கும் அந்நோய் திரும்ப வராது. பிழைத்த மாடு நோயைச் சுமந்துகொண்டு திரிவதும் இல்லை. ஆகவே நோயுள்ள இடத்தைச் சுற்றி மாடுகளின் நடமாட்டத்தை முழுமையாக நிறுத்த முடிந்தால் நோய் தானே அணைந்துவிடும். பிரிட்டனில் 1865 முதல் 1867 வரை இந்நோய் பரவியபோது, நோய்ப்பட்ட மந்தைகளைக் கொன்று புதைத்து, சந்தைகளை மூடி, மாடுகளை ஓட்டிச் செல்வதைத் தடுத்து ஒழித்தார்கள். சென்னையின் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதற்றத்தின் நிழலில் பிறந்ததுதான்.

அந்த முறையை இங்கே அப்படியே கையாள முடியவில்லை. மாட்டைக் கொல்வதை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது வெளிப்படையான காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் நாட்டுச் சமவெளி மாடுகளுக்கு இந்நோயைத் தாங்கும் ஆற்றல் ஓரளவு இயல்பாகவே உண்டு. ஐரோப்பிய மாடுகளிலும் குமாவுன் மலை மாடுகளிலும் பத்தில் ஒன்பது சாகும் என்றால், நம் மாடுகளில் பாதியோ அதற்கு மேலோ பிழைத்துவிடும். சில மாடுகளுக்கு லேசான காய்ச்சலும் கழிச்சலும் மட்டுமே வந்து போகும். இது நல்ல செய்தி போலத் தோன்றினாலும், நோய்த்தடுப்புக்குப் பெரும் இடையூறு இதுவே. லேசாக நோயுற்ற மாடு சந்தைக்கும் போகும், ஏரும் உழும், பொதுக் குட்டையில் தண்ணீரும் குடிக்கும். ஓர் ஊரில் நோய் வந்து போன பிறகு பிழைத்தவை எல்லாம் காப்புற்றவை. ஆனால் சில ஆண்டுகளில் புதிய கன்றுகள் வளர்ந்து, காப்பில்லாத மாடுகளின் தொகை பெருகும்போது நோய் மீண்டும் உள்ளே வரும். இந்தச் சுழற்சியைச் சட்டத்தால் மட்டும் உடைக்க முடியாது.

இனி மருந்துக்கு வருகிறேன். 1896-இல் தென்னாப்பிரிக்காவில் இந்நோய் புகுந்தபோது அங்கே அழைக்கப்பட்ட ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக், இறந்த மாட்டின் பித்தநீரை ஊசியாகப் போடும் முறையைக் கிம்பர்லியில் கண்டறிந்தார். மறு ஆண்டு அவர் முக்தேசுவரத்துக்கும் வந்தார். இந்தியாவில் பித்தநீர் முறை நிலைக்கவில்லை. அதற்கு மாறாக, நோயிலிருந்து மீண்ட மாடுகளுக்கு மேலும் நச்சுக் குருதியை (நோயுற்ற மாட்டின் குருதியை) ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து சீரம் (நோயை எதிர்க்கும் பொருள் கொண்ட குருதித் தெளிநீர்) எடுக்கும் பணி 1899-இல் அங்கே தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியா முழுவதிலும் கால்நடைத் துறையின் முதன்மையான கருவி அந்தச் சீரம்தான். அதன் காப்பு ஏறத்தாழ பத்து நாள்களே நிற்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

எனவே அதைத் தடுப்பூசி என்று சொல்வதைவிட, நெருப்புப் பற்றிய கூரைக்குப் பக்கத்துக் கூரையில் ஊற்றும் தண்ணீர் என்று சொல்லலாம். நோய் வெடித்த ஊருக்கு உடனே போய்ச் சேர்ந்தால் பயன் உண்டு. முன்கூட்டியே போட்டு வைப்பதில் பயன் இல்லை. நோய் தொற்றி வெளித்தெரியச் சில நாள்களே ஆகும் நிலையில், கிராம முன்சீப் தாசில்தாருக்கு எழுதி, அவர் துறைக்கு எழுதி, கால்நடை உதவியாளர் சீரத்துடன் இரயிலிலும் மாட்டு வண்டியிலுமாக ஊர் வந்து சேர்வதற்குள், சாக வேண்டியவற்றில் பெரும்பாலானவை செத்துவிட்டிருக்கும்.

இன்னொரு முரணும் உண்டு. சீரம் மட்டும் போட்டால் நீடித்த காப்புக் கிடைக்காது என்பதால், ஊசி போட்ட மாட்டை நோயுற்ற மாட்டுடன் கலந்து கட்டச் சொன்னார்கள். சீரத்தின் பாதுகாப்பில் இருக்கும்போதே லேசாக நோய் தொற்றினால் நிலையான காப்பு ஏற்படும் என்பது அதன் தத்துவம். அது அறிவியல்படி சரியே. ஆனால் நோயுற்ற மாட்டைத் தனியே கட்டு என்று அதே அரசு பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த ஊரில், இப்போது சேர்த்துக் கட்டு என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

சீரத்தையும் நச்சுக் குருதியையும் ஒரே நேரத்தில் போடும் இரட்டை ஊசி முறை நீண்ட காப்பைத் தந்தது. 1926 முதல் 1928 வரை ஆய்ந்த வேளாண்மைக்கான அரசக் குழு அதற்கு ஆதரவாகவே பேசியது. அதில் செலவு அதிகம். மாட்டுக் குருதியைப் பயன்படுத்தினால் அதிலிருக்கும் உண்ணிக் காய்ச்சல் கிருமிகளும் சேர்ந்து போய்விடும் ஆபத்தும் இருந்தது. இதைத் தவிர்க்க முக்தேசுவரத்தில் ஆய்வாளர் எட்வர்ட்ஸ் நச்சுயிரியை வெள்ளாட்டில் வளர்க்கத் தொடங்கினார். ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் தொடர்ந்து கடத்தக் கடத்த அதன் வீரியம் மாட்டைப் பொறுத்தவரை குறைந்துகொண்டே வந்ததும், சீரத்தின் துணை இல்லாமலே அதை நம் மாடுகளுக்குப் போடலாம் என்பதும் 1920களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாகத் தெளிவாயின. சென்னையில் சாண்டர்ஸும் கைலாசம் ஐயரும் நச்சுயிரியை வெள்ளாடுகளில் 150 முறை தொடர்ந்து கடத்திய ஆய்வை 1936-இல் வெளியிட்டார்கள். ஓர் ஆட்டின் மண்ணீரலிலிருந்து ஏராளமான மாடுகளுக்கு ஊசி மருந்து கிடைத்தது. காப்பும் ஆண்டுக்கணக்கில் நின்றது. வெக்கை நோய்க்கென்றே சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது 1940-இல். முதல் சட்டத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள 74 ஆண்டுகளில், சட்டத்தைச் செயல்படுத்தப் போதிய ஆயுதம் துறையின் கையில் வந்தது கடைசிப் பத்தாண்டில்தான்.


மறுமொழி 2
எழுதியவர்: கொரங்காட்டார்

மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். கிராமத்தார் ஒத்துழைக்கவில்லை என்ற வாதத்தைப் பற்றி மட்டும் சில சொல்ல வேண்டும்.

எங்கள் காங்கேயம் பகுதியில் மேய்ச்சல் நிலம் கொரங்காடாக, கிளுவை வேலி அடைத்துத் தனித்தனியாக இருக்கும். ஒரு பட்டியின் மாடு இன்னொரு பட்டிக்குள் எளிதில் போகாது. பொது மந்தைவெளியில் ஊர் மாடு முழுவதையும் ஒரே ஆள் ஓட்டிப்போய் மேய்க்கும் ஊர்களில் நோயுற்ற மாட்டைப் பிரி என்று சொன்னால், பிரித்து எங்கே கட்டுவது, அதற்குத் தனியாகத் தீவனம் யார் வெட்டிப் போடுவது? உழவுக் காலத்தில் நோய் வந்தால் இன்னும் சிக்கல். சட்டத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனித் தொழுவமும் வைக்கோற்போரும் கூலியாளும் இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள் போலும்.

நோயை மறைத்ததற்கும் கணக்கு உண்டு. ஊரில் நோய் என்று தெரிந்தால் அந்த ஊர் மாடு சந்தையில் விலை போகாது. பெரிய மாட்டுத்தாவணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுபவை. அந்த ஒரு வாரத்தை விட்டால் எருது விற்கவும் வாங்கவும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். சொன்னால் உறுதியான இழப்பு, சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம் என்ற நிலையில், வந்து சேருமோ சேராதோ என்றிருக்கும் பத்து நாள் மருந்துக்காக எவரும் முன்வந்து சொல்லமாட்டார்கள். இதை அறியாமை என்று எழுதிய அதிகாரிகள், அதே நிலையில் இருந்திருந்தால் வேறு விதமாக நடந்திருப்பார்களா என்பது ஐயமே.

செத்த மாட்டைத் தோலுடன் ஆழப் புதை என்ற உத்தரவையும் யார் மீது விழுந்தது என்று பார்க்க வேண்டும். செத்த மாட்டைத் தூக்கும் வேலையைச் சாதியின் பேரால் எந்த மக்கள் மீது ஊர் சுமத்தியிருந்ததோ, அவர்களுக்குத் தோலும் இறைச்சியுமே அந்த வேலைக்கான கூலி. கூலியைப் புதைத்துவிடு என்று சொல்லி, குழி வெட்டும் வேலையையும் சேர்த்து அவர்கள் தலையிலேயே கட்டினால் உத்தரவு எப்படி நிறைவேறும்? நச்சுயிரி காய்ந்தால் செத்துவிடும் என்று மேலே சொல்லப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, உலர்ந்த தோலைப் பற்றி அன்று கொண்ட அச்சம் உயிருள்ள மாட்டின் நடமாட்டத்தைப் பற்றிக் கொண்ட அச்சத்தைவிடக் குறைவாக இருந்திருந்தால்தான் சரி என்று தோன்றுகிறது.

மற்றொன்று. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் நோன்பு முடியும்வரை உள்ளூரார் வெளியூரில் இராத் தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் இத்தகைய வழக்கங்கள் போக்குவரத்தைத் தாமாகவே குறைத்திருக்கும். அதை அறிவியல் என்று கொண்டாட நான் வரவில்லை; ஊர் மக்களுக்குக் கட்டுப்பாடு என்பதே தெரியாது என்று சொல்வது மட்டும் தவறு.


கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: கரிசல்வாசி

இருவருக்கும் நன்றி. சீரத்தின் பத்து நாள் காப்பு பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. அதை வைத்துப் பார்த்தால் பல அறிக்கைகளின் தொனி இப்போது புரிகிறது. குதிரைகளைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் நிற்கிறது. அது எந்த அளவுக்கு உண்மை? மேலும், மாகாண அறிக்கைகளில் இறந்த மாடுகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் திடீரென ஏறுகிறது. அதை நோயின் ஏற்றமாகவே கொள்ளலாமா?


மறுமொழி 3
எழுதியவர்: எழும்பூர் வாசகர்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குதிரை பற்றிய குற்றச்சாட்டு தொடக்க காலத்துக்குப் பெரிதும் பொருந்தும். மாட்டு நோய்க் குழுவுக்குத் தலைமை வகித்த அதே ஹாலன்தான் பின்னர் 1876-இல் குதிரை இனப்பெருக்கப் பணிகளின் தலைவரானார். இராணுவத்துக்கு வேண்டிய குதிரைகளும் கோவேறு கழுதைகளும் உள்நாட்டிலேயே கிடைக்க வேண்டும் என்பதே அரசின் உடனடிக் கவலை. 1890களின் தொடக்கத்தில் குடிமைக் கால்நடைத் துறை உருவானபோதும், அதன் உயர் அலுவலர்கள் இராணுவக் கால்நடை மருத்துவர்களாகவே இருந்தார்கள். குதிரைப் பணி அவர்களுடைய நேரத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது. அறிவியல் ஆய்வும் அந்த வழியில்தான் நகர்ந்தது. 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் தேரா இஸ்மாயில் கானில் சர்ரா நோயின் கிருமியைக் கண்டறிந்தது குதிரைகளிலும் ஒட்டகங்களிலும்தான்.

சட்டங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், வேறுபாடு பளிச்சென்று தெரியும். குதிரைகளின் கிளாண்டர்ஸ் நோய்க்கு 1879-இலும் பின்னர் 1899-இலும் சட்டங்கள் வந்தன. நோயுற்ற குதிரையைப் பிடிக்கவும் கொல்லவும் அவை அதிகாரம் அளித்தன. டூரின் என்னும் மற்றொரு குதிரை நோய்க்கு 1910-இல் தனிச் சட்டம். வெளிநாட்டுக் கால்நடை இறக்குமதிக்கு 1898-இல் ஒரு சட்டம். இவை அனைத்தும் இந்தியா முழுமைக்குமானவை. உழவு மாட்டைக் கொன்ற வெக்கை நோய்க்கு அப்படி நாடு தழுவிய சட்டம் எதுவும் அக்காலத்தில் வரவில்லை. சென்னைச் சட்டமும் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே நடைமுறைக்கு வரும். குதிரை சிலரிடம் இருந்தது, நகரங்களிலும் இராணுவ முகாம்களிலும் இருந்தது. மாடு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஜட்கா வண்டிக் குதிரை ஒன்றைக் கொல்வதற்குத் துணியும் அரசு, ஊர்த் தொழுவத்துக்குள் நுழையத் துணியாது. எனவே அக்கறையின்மை என்பதோடு அச்சத்தையும் சேர்த்துத்தான் இதை விளக்க வேண்டும். 1857 கிளர்ச்சியை மறக்காத அரசு அது.

மாடுகளின் சாவைக் குற்றமாக வாசித்த போக்கும் உண்டு. தோலுக்காக மாடுகளுக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று வட இந்தியாவில் சமார் சமூகத்தின் மீது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவலாகக் குற்றம் சாட்டப்பட்டது. கொள்ளைநோயில் செத்த மாடுகள் எத்தனை, நஞ்சில் செத்தவை எத்தனை என்று பிரித்தறியக்கூடிய கால்நடை மருத்துவர்கள் மாவட்டங்களில் இல்லாத காலம் அது. நோயறியும் ஆள் இல்லாத இடத்தை நிரப்பக் காவல் துறை வந்தது.

1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி இரட்டையாட்சி வந்தபோது கால்நடைத் துறை மாகாண அமைச்சரின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. பொறுப்பு வந்தது, நிதித் துறையோ ஆளுநரின் பக்கமே இருந்தது. உள்ளாட்சி வாரியங்களின் பணத்தில் நடந்த மருத்துவமனைகள் நகரங்களில் அமைந்தன; அங்கே வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் காயமும் நொண்டலும் பார்க்கப்பட்டன. கொள்ளைநோய் கிராமத்தில் இருந்தது. சுற்றுப்பயண ஊழியருக்கும் மருத்துவமனை ஊழியருக்கும் இடையில் ஆட்களைப் பங்கிடும் சிக்கல் இறுதிவரை தீரவில்லை என்பது என் கணிப்பு. சீரத்துக்காக முக்தேசுவரத்தையே நம்பியிருந்த நிலை, 1932-இல் மாகாணம் தனக்கென ஒரு சீரம் நிலையத்தைத் தொடங்கிய பிறகே மாறத் தொடங்கியது. இன்று இராணிப்பேட்டையில் இருக்கும் நிறுவனம் அதன் வழிவந்ததே.

எண்ணிக்கை பற்றிய தங்கள் ஐயம் மிகச் சரியானது. அந்தக் கணக்கு கிராம முன்சீப்பும் கர்ணமும் எழுதிக் கொடுத்தது. வெக்கை, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் எல்லாம் திடீர்ச் சாவு என்ற ஒரே கூடைக்குள் விழக்கூடியவை. ஒரு மாவட்டத்துக்குப் புதிதாகக் கால்நடை உதவியாளர் நியமிக்கப்பட்டால், அடுத்த ஆண்டு அங்கே நோய்ச் சாவு கூடியதாகவே அறிக்கையில் தெரியும். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், அதே ஆண்டில் அந்த மாவட்டத்தில் எத்தனை ஊழியர்கள் இருந்தார்கள், எத்தனை ஊர்களுக்குப் போனார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஊழியர் எண்ணிக்கை மாறாத ஆண்டுகளில் காணும் ஏற்ற இறக்கத்தை மட்டுமே ஓரளவு நம்பலாம்.


மறுமொழி 4
எழுதியவர்: வடமராட்சி

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்தில், 1867-இல் கண்டிக்கு இரயில் வரும்வரை, மலைநாட்டுக்கும் கொழும்புக்கும் இடையில் சுமை இழுத்தவை வண்டி மாடுகளே. மாட்டு நோய் வரும்போது கோப்பி கீழே இறங்காமலும் அரிசி மேலே ஏறாமலும் நின்றன. இந்தியாவிலிருந்து வரும் கால்நடைகளைப் பற்றிய கவலை எங்கள் அரசுக்கு எப்போதும் இருந்தது. தீவு என்பதால் துறைமுகத்தைக் காத்தால் நாட்டைக் காக்கலாம். சென்னை மாகாணத்துக்கு அந்த வசதி இல்லை, மைசூரிலிருந்தும் நிசாம் பகுதியிலிருந்தும் மாடுகள் நடந்தே வந்துவிடும். நெடுங்காலம் நோயின்றி இருந்த இலங்கைக்குள் வெக்கை நோய் 1987-இல் மீண்டும் வந்தது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் வழியாகவே அது வந்தது.


மறுமொழி 5
எழுதியவர்: பழைய ஊசிக்காரர்

வடமராட்சி நண்பர் ஆட்டைக் குறிப்பிட்டது பொருத்தமானது. ஆடுகளில் நோய் பல நேரங்களில் கண்ணுக்குத் தெரியாமலே ஓடும். மாட்டைப் பற்றி மட்டும் எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் ஆட்டு மந்தைகளைத் தடுக்கவில்லை. ஆட்டு ஊசிக்கும் ஒரு குறை இருந்தது. நாட்டு மாடுகள் அதைத் தாங்கிக்கொண்டன. மலை மாடுகளிலும் கலப்பினங்களிலும் ஊசியே கடுமையான எதிர்விளைவை உண்டாக்கி, சில சமயம் மாட்டைக் கொன்றும்விட்டது. எந்த மாட்டுக்கும் அச்சமின்றிப் போடக்கூடிய திசு வளர்ப்புத் தடுப்பூசி, கென்யாவில் ஆய்வாளர் பிளோரைட் செய்த பணியிலிருந்து 1960-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. அதுவும் ஒரு காலனி அரசின் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே.

கரிசல்வாசிக்கு ஒரு யோசனை. 1928-க்கு முந்திய அறிக்கைகளில் ஊசி போட்ட மாடுகளின் எண்ணிக்கையைக் காணும்போது, அவை நோய் வெடித்த ஊரில் போடப்பட்டவை என்றே கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் அந்த ஆண்டு நோயும் கூடியிருக்கலாம். 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்திய அறிக்கைகளில் அதே தலைப்பின் கீழ் வரும் எண்ணிக்கையில் முன்தடுப்பாகப் போட்டவையும் சேர்கின்றன. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே கோடாக வரைந்துவிடாதீர்கள். இந்தியாவின் கடைசி வெக்கை நோய் தமிழ்நாட்டில் 1995-இல் பதிவானது. அதுவரை வரைய விரும்பினால் 1954-இலும் கோட்டை உடைக்க வேண்டியிருக்கும், ஏனெனில் அதற்குப் பிறகு நோய் இருக்கிறதா என்று பாராமல் ஊர் ஊராக எல்லா மாடுகளுக்கும் போட்டோம்.